ஒத்த ஓட்டு மெம்பர்

ஆமாங்கக்கா, பேப்பர்ல வந்துச்சே, அது எங்க வார்டுதான். ஒரே ஒரு ஓட்டு வாங்கி மெம்பரானவரு எங்க மெம்பருதான். சிரிங்க, பரவால்ல. காரைக்காலே சிரிக்குது, நீங்க சிரிச்சா என்ன.

சுரக்குடி தாண்டி உள்ள போகணும். தண்ணித் தொட்டி கட்டுனாங்க, பெயிண்ட் அடிச்சாங்க, ரிப்பன் வெட்டுனாங்க. தண்ணிதான் வரல. உள்ள காக்கா குடும்பம் நடத்துது. அதான் இந்தத் தடவை பஞ்சாயத்து எலெக்ஷன்ல எல்லாரும் போயி நோட்டாவுல அழுத்திட்டு வர்றதுன்னு தெருவே முடிவு பண்ணுச்சு. யாரு ஏற்பாடா? எங்க வீட்டுக்காரருதான். கடைசி பட்டன், கடைசி பட்டன்னு வீடு வீடாப் போயி பாடம் எடுத்தாரு.

நின்னவங்க ரெண்டு பேரும் பக்கத்து வார்டு. அவங்களுக்கே இங்க ஓட்டு கிடையாது. எண்ணிப் பாத்தா சிவநாதனுக்கு சைபர், திருஞானசம்பந்தத்துக்கு ஒண்ணு, மீதி அம்புட்டும் நோட்டா. நோட்டா வந்து நாற்காலியில உக்காருமா? ஒண்ணு வாங்குனவருதான் ஜெயிச்சாருன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. அந்த ஒண்ணும் இல்லன்னா எலெக்ஷனே செல்லாமப் போயிருக்கும்னு எங்க வீட்டுக்காரரு குதிக்கிறாரு. சட்டம் இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த மனுஷன் மாலையப் போட்டுக்கிட்டு ஜீப்புல வந்தாரு. மேளம், வெடி எல்லாம். தெருவுல ஒரு கதவு தொறக்கல, நாய்தான் பின்னாடியே ஓடுச்சு. வாக்களித்த பெருமக்களுக்கு நன்றின்னு மைக்குல சொல்றாரு. பெருமக்களாம்.

இப்பத் தெருவுக்கு ஒரே வேலைதான், அந்த ஒத்த ஓட்டு யாருதுன்னு பிடிக்கணும். பிடிச்சா அந்த வீட்டோட நல்லது கெட்டது எதுவும் கிடையாதாம். குஞ்சம்மா ஆத்தா கண்ணு தெரியாம அழுத்திட்டாங்கன்னு ஒருத்தன் சொல்ல, அது கம்பைத் தூக்கிட்டு சண்டைக்கு வந்துடுச்சு. எங்க மாமியாருக்கு எம்மேலதான் கண்ணு. கான்வென்ட்ல படிச்சவ, நம்ம பேச்சை எங்க கேட்டிருப்பாங்கிறாங்க.

இன்னிக்கு சாயங்காலம் அய்யனார் கோயில்ல சத்தியம். கற்பூரத்தை ஏத்தி, அவங்கவங்க புள்ள தலையில கைய வச்சு, நான் போடலன்னு சொல்லணும். அதுவும் இவரு யோசனைதான். மொத சத்தியம் எங்க வீடுதான்னு வேற சொல்லிட்டு வந்துட்டாரு. புள்ளைக்கு சளி, நாகப்பட்டினத்துல அம்மாகிட்ட காட்டிட்டு வர்றேன்னு நான் பஸ் ஏறிட்டேன். சளியா? அதெல்லாம் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கான்.

டேய் அகரா, கைய எடு. அக்கா போனை அழுத்தாத. யாருக்காவது போயிடுச்சா? கட் பண்ணிடுங்கக்கா. எங்க பட்டனைப் பாத்தாலும் பாய்ஞ்சுடுவான். எலெக்ஷன் அன்னிக்கும் இப்படித்தான். வெளிய விட்டா அழுவான்னு இடுப்புல வச்சுக்கிட்டே உள்ள போனேன். அட்டை மறைப்புல குனிஞ்சு கடைசி பட்டனைத் தேடுறேன், அதுக்குள்ள கடைசிக்கு ஒண்ணு மேல இருந்த பட்டன்ல ஓங்கி ஒரு தட்டு. கீய்ங்குது. லைட்டைப் பாத்து இவன் சிரிக்கிறான்.

அப்பவே சொல்லியிருக்கலாம்தான். வீடு வீடாப் போன மனுஷன் பொண்டாட்டி இதைச் சொன்னா யாருக்கா நம்புவா? அவரே நம்ப மாட்டாரு.

நீங்க சொல்லுங்க. நான் போடலன்னு சொன்னா அது நெசந்தானேக்கா? நெசம்னா இப்பவே எறங்கித் திரும்பிப் போயிடுவேன். பொய்யாப் போச்சுன்னா, இவன் தலையிலதானே கைய வைக்கச் சொல்றாங்க.