முன்னறையில் ஒரு கத்தரிக்கோல்

— நின்னுக்கறேன் மாமா, பரவாயில்ல.

— நீ நின்னா போறவன் வர்றவனெல்லாம் என்னைத்தான் மொறைப்பான். இந்த பெஞ்சு ரெண்டு பேருக்குத்தான் போட்டிருக்கான். உக்காரும்மா.

— எதிரெதிர் கட்சி ஒரே பெஞ்சுல உக்காரலாமா?

— எதிரெதிர் வீடுதானே. வருஷக்கணக்கா அப்படித்தானே உக்காந்திருக்கோம்.

— அதுவும் சரிதான்... என்ன கையில குடை? வெளிய வெயில் மண்டையைப் பொளக்குது.

— உங்க அத்தை குடுத்தா. ஜன்னல்ல தெரியுற வானத் துண்டைப் பாத்துட்டு, மழை வரும், எடுத்துட்டுப் போங்கன்னா. வேணாம்னு சொல்லிட்டு வீட்டை விட்டு வெளிய வர முடியுமா?

— நேத்து அத்தைக்கு முடி வெட்டும்போது சொன்னாங்க. "அவர் நாளைக்கு நகரசபையில உனக்கு எதிராப் பேசப் போறார், நீ மனசுல வச்சுக்காதே"ன்னு.

— சொல்லிட்டாளா!

— "நீ நல்லாப் பேசு"ன்னும் சொன்னாங்க.

— பாரேன்... சொந்த வீட்டுலயே உளவாளி. சரி, உள்ள என்ன ஓடுது?

— கட்டடத்துக்கு எத்தனை மாடி விடலாம்னு அடிச்சுக்கறாங்க. அது முடிஞ்சா நம்மளுது. தையல்காரக்கா, டியூஷன் டீச்சர், கேக் செய்ற பொண்ணு... நம்ம தெருவே உள்ள இடம் பிடிச்சு உக்காந்திருக்கு. பேசறவங்க மட்டும் வெளிய இருக்கணுமாம்.

— தெரியும். உள்ள எட்டிப் பாத்தேன். தையல்காரம்மா என்னைப் பாத்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு.

— அவங்ககிட்ட நான் பேசிக்கறேன் மாமா.

— ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? திட்ட அலுவலர் உனக்கு மட்டும் விதிவிலக்கு தர்றேன்னு சொன்னாராமே. பேசாம வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல? உனக்கும் இந்த அலைச்சல் இல்ல, எனக்கும் இல்ல.

— சொன்னாரு. "உங்க தெரு குடியிருப்புப் பகுதி, விதிப்படி வீட்டுல எந்தத் தொழிலும் கூடாது. ஆனா உங்க அம்மா நிலைமையைப் பாத்து உங்களுக்கு மட்டும் தரலாம்"னாரு. வேணாம்னுட்டேன்.

— பைத்தியமா நீ?

— நான் மட்டும் வாங்கிட்டா தையல்காரக்கா என்ன பண்ணுவாங்க? என் கத்தரிக்கோல் வெட்டினா தப்பில்ல, அவங்க கத்தரிக்கோல் வெட்டினா தப்பா? அதுவும் வருஷா வருஷம் போய்க் கெஞ்சிப் புதுப்பிக்கணும். அலுவலர் மாறினா மறுபடி முதல்லேருந்து அழணும். விதியை மாத்தணும் மாமா. என்னை மட்டும் தூக்கி அந்தாண்ட வைக்கக் கூடாது.

— மெயின் ரோட்டுல ஒரு கடை பாத்துக்க வேண்டியதுதானே?

— அம்மாவை யார் பாத்துக்கறது? நான் அந்தப் பக்கம் திரும்பினா கேஸைத் திறந்து விட்டுட்டு, எதுக்குத் திறந்தோம்னு மறந்துட்டு நிக்கறாங்க. இப்பன்னா கண்ணு முன்னாடி உக்காந்திருக்காங்க. முடி வெட்ட வர்ற ஒவ்வொருத்தரையும் "நீ யார் வீட்டுப் பொண்ணு"ன்னு கேட்டுக்கிட்டே பொழுது போயிடுது.

— என்னைக்கூடக் கேட்டாங்க.

— என்ன சொன்னீங்க?

— எதிர்வீட்டுப் பொண்ணுன்னேன். நல்லா இருக்கியாம்மான்னு கேட்டுக்கிட்டாங்க.

— ஐயோ மாமா... இப்படிச் சிரிக்க வச்சுட்டு உள்ள போய் என் தலையில கல்லைப் போடப் போறீங்க.

— போடத்தான் போறேன். சிரிப்பு வேற, சபை வேற.

— தெரியும். நீங்க போடுங்க. ஆனா நான் விட மாட்டேன். போன மழைக்காலத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? ஒரு அம்மாவுக்குத் தலை முழுக்கச் சாயம் பூசி விட்டிருந்தேன். வாசல்ல நகரசபை வண்டி வந்து நின்னுச்சு. யாரோ சோதனைன்னு கத்திட்டாங்க. அந்தம்மா சாயம் ஒழுகஒழுகப் பின்வாசல் வழியா ஓடி, சேத்துல வழுக்கி விழுந்து, கை பிசகி...

— அடப்பாவமே. சோதனைக்கா வந்தாங்க?

— தெருவிளக்குக்கு பல்பு மாத்த வந்தாங்க!

— ...சிரிக்கக் கூடாது. ஆனாலும்...

— சிரிங்க. நானும் அன்னைக்குச் சிரிச்சேன். அந்தம்மாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து கதவைச் சாத்தினப்புறம் அழுதேன். நான் என்ன, கள்ள நோட்டா அடிக்கறேன்? திரையை இழுத்து விட்டு, வர்றவங்க கையில காய்கறிப் பையைக் குடுத்து "சும்மா பாக்க வந்தேன்னு சொல்லுங்க"ன்னு சொல்லிக் குடுத்து... இனிமே முடியாது. ஒண்ணு கதவைத் திறந்து வச்சு வெட்டணும், இல்ல கத்தரிக்கோலைத் தூக்கிப் போடணும்.

— தூக்கிப் போட்டுட்டா?

— ...அதையும் யோசிச்சுத்தான் வந்திருக்கேன்.

— குரல் ஏறுதே, மெதுவா.

— ஏறட்டும். உள்ளயும் இப்படித்தான் பேசப் போறேன்.

— உஷ்! வெளிய சத்தம் போடாதீங்க. உள்ள கூட்டம் நடக்குது!

— சரி பியூன் தம்பி, மெதுவாப் பேசறோம்... பாத்தியா, வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

— மாமா, இப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு என் மேல கோவமா?

— உன் மேல எதுக்குக் கோவம்? நீ வந்தாத்தான் அவ சிரிக்கறா.

— பின்ன ஏன் இவ்வளவு பிடிவாதம்?

— ...நாங்க முன்னாடி இருந்த தெருவை நீ பாத்ததில்லல்ல?

— இல்ல.

— இதைவிட நல்ல தெரு. முதல்ல ஒரு வீட்டு முன்னறையில ஒருத்தன் ஜெராக்ஸ் மெஷின் போட்டான். பாவம், பொழைக்கட்டும்னு விட்டோம். அப்புறம் பக்கத்துல டீக்கடை. அப்புறம் டயர் கடை. அப்புறம் ஒருத்தன் வீட்டையே கிடங்காக்கிட்டான், லாரி வந்து நிக்க ஆரம்பிச்சுது. வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா வாடகைக்கு விட்டுட்டுப் போயிட்டாங்க. நாங்க மட்டும் போகல.

— ம்.

— ஒரு நாள் பட்டப்பகல்ல அவ சமையலறையில விழுந்துட்டா. வாய் ஒரு பக்கம் கோணிப் போயிடுச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வந்துட்டான், உடனே வந்துட்டான். ஆனா தெருமுனையிலேயே நிக்கறான். உள்ள லாரியில சரக்கு இறக்கறாங்க. ஓட்டுநரைக் காணோம். நானும் டீக்கடைக்காரனும் அவளைக் கட்டிலோட தூக்கிட்டு ஓடினோம்... கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா நடந்திருப்பாங்கன்னு டாக்டர் சொன்னார்.

— மாமா... அத்தை இதை ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே.

— சொல்ல மாட்டா. அந்த லாரிக்காரன் பிள்ளைகுட்டிக்காரன், விடுங்கன்னுதான் சொல்வா. நான் விடல. வீடு வாங்கும்போதே குடியிருப்புப் பகுதியான்னு கேட்டுத்தான் வாங்கினேன். இப்ப நீங்க அந்த விதியைத் திறக்கணும்னு வந்து நிக்கறீங்க. உன் கத்தரிக்கோல் எனக்குப் பயமில்ல. அதுக்குப் பின்னாடி வர்ற லாரிதான்.

— அப்ப லாரியைத் தடுக்கற மாதிரி விதி எழுதச் சொல்வோம்.

— எப்படி?

— சரக்கு வண்டி உள்ள வரவே கூடாதுன்னு போடச் சொல்வோம். தெருவுல எந்நேரமும் ஆம்புலன்ஸ் போற வழி இருக்கணும். மறிச்சா அனுமதி ரத்து.

— எழுதிட்டா ஆச்சா? டயர் கடைக்காரன் விதி படிச்சுட்டா வந்தான்?

— சரி, நீங்களே சொல்லுங்க. என்ன இருந்தா உங்களுக்குத் தூக்கம் வரும்?

— ...வீட்டுல குடியிருக்கறவங்கதான் தொழில் செய்யணும். வாடகைக்கு விட்டுட்டுப் போகக் கூடாது.

— சரி.

— குடியிருக்கறவங்க காலி பண்ணிட்டா அனுமதியும் அன்னைக்கே போயிடணும். வீட்டோட சேத்து விக்கக் கூடாது.

— அது... என் பொண்ணு பின்னாடி இதையே செய்யணும்னு நெனச்சா?

— அவ அங்க குடியிருந்தா அவ பேர்ல புதுசாக் கேக்கட்டும்.

— ம்... சரி. ஒத்துக்கறேன்.

— அதுக்குள்ள ஒத்துக்கிட்டியா? நான் பேரம் பேசத் தயாரா வந்தேன்.

— எங்க வலிக்குதோ அங்க பேசிக்கறேன். பலகை?

— பலகை கூடாது!

— பலகை இல்லாம மறுபடி திருட்டுத்தனமாவா வருவாங்க? கதவுல ஒட்டற மாதிரி சின்னதா ஒண்ணு. விளக்கு போடல, பாட்டு போடல.

— உள்ளங்கை அளவு.

— ரெண்டு கை அளவு.

— ...உன் கை அளவு. என் கை இல்ல.

— சரி! உதவிக்கு ஒரு ஆள் வச்சுக்கலாமா?

— கூடாது. அங்கதான் ஆரம்பிக்கும். இன்னைக்கு ஒரு ஆள், நாளைக்கு ஒரு பட்டாளம்.

— தையல்காரக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியல மாமா. பட்டன் கட்ட ஒரு ஆள் இல்லாம முடியாது.

— கூடாதுன்னா கூடாது.

— நான் ஒரு ஆள்னுதான் கேப்பேன்.

— நான் கூடாதுன்னுதான் சொல்வேன்.

— அப்ப இதை உள்ள போய்ச் சண்டை போட்டுக்கலாம்.

— சபாஷ். அதுக்குத்தானே சபை... மத்ததை ரெண்டு பேரும் சேந்தே சொல்லலாம். எதிர்க்க வந்தவன் ஆதரிச்சா தலைவர் மயங்கி விழுந்துடுவார்.

— மாமா... ரொம்ப நன்றி.

— நன்றியெல்லாம் அப்புறம். இந்த விதிப்புத்தகத்தை எழுதி எத்தனை காலமாச்சு? நாங்க இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுதினதுல்ல?

— ஆமா. இந்தத் தடவை விட்டா, மறுபடி திறக்கறதுக்குள்ள என் பொண்ணு பாட்டியாயிடுவா. அப்பவும் பாருங்க, திருத்தற பட்டியல்ல வீட்டுத் தொழிலே இல்ல. திட்ட அலுவலர்கிட்டயே போய்க் கேட்டேன். "இதைப் பத்தி ஒரு புகார்கூட வந்ததில்லையேம்மா, பிரச்சினையே இல்லாததுக்கு எதுக்கு விதி"ன்னாரு. எல்லாரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு செஞ்சா எங்கேருந்து புகார் வரும்?

— அப்புறம்தான் உன் மேல புகார் வந்துச்சே. வந்ததும் சேத்துட்டாங்க.

— ம்.

— அதைக் குடுத்தது நான்தான்னு தெருவே பேசுது.

— நீங்க இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மாமா. யாரும் கேக்கல.

— பால் போடறவர்கூட ஒரு மாதிரியாப் பாக்கறார். அவளைப் பாக்க வர்ற பொம்பளைங்க வரவு நின்னுடுச்சு. நீ ஒருத்திதான் வர்ற. ஆமா, நான் இல்லன்னு உனக்கு மட்டும் எப்படி அவ்வளவு உறுதி?

— நீங்க குடுத்திருந்தா முதல்ல என் வாசல்ல வந்து சொல்லிட்டுப் போய்க் குடுத்திருப்பீங்க.

— ...உண்மையைச் சொல்லட்டுமா? குடுக்கணும்னு கிளம்பினேன். செருப்பு மாட்டிட்டேன். "அப்புறம் என் முடியை யார் வெட்டுவா, நீங்களா?"ன்னு உள்ளேருந்து ஒரு குரல். கழட்டிட்டு உக்காந்துட்டேன். கொஞ்ச நாள்ல பாத்தா யாரோ முந்திக்கிட்டான். நான் இல்லன்னு வாய் திறந்து சொல்லவும் கூச்சமா இருந்துச்சு. பாதித் தப்பு என்னுதுதானேன்னு கம்முனு இருந்துட்டேன்.

— மாமா, நான் உங்ககிட்ட ஒரு விஷயம்...

— அடுத்து வீட்டுத் தொழில் விதி! புகார் குடுத்தவர் முதல்ல உள்ள வரலாம். ஆட்சேபணை சொல்றவர் பின்னாடியே வந்து நிக்கலாம்.

— ஓகோ, ஆள் வந்திருக்கானா! இத்தனை நாள் அவனுக்குப் பதிலா நான் திட்டு வாங்கியிருக்கேன், இன்னைக்கு மூஞ்சியைப் பாத்துடறேன். எங்க... யாரும் வரலியே. நீ ஏம்மா எழுந்துட்ட? உன்னை இல்ல, புகார் குடுத்தவரைக் கூப்பிடறாங்க.

— தெரியும் மாமா.

— அப்புறம் என்ன, உக்காரு... அம்மாடி... நீயா?

— என் மேல நானேதான் குடுத்தேன். ஒரு புகாராவது வந்தாத்தான் எடுப்போம்னாங்க, வேற யாரை மாட்டி விட முடியும்? பழி உங்க மேல விழும்னு தோணவே இல்ல மாமா. சபை எடுக்கறதுக்குள்ள விஷயம் வெளிய தெரிஞ்சா பட்டியல்லேருந்து தூக்கிடுவாங்களோன்னு உங்ககிட்டகூட மறைச்சேன். வாங்க, நம்ம தெருவே உள்ளதான் உக்காந்திருக்கு. நான் உள்ள போய்ப் பேசற முதல் வார்த்தையே அதுதான்.