பக்கத்து சீட்டு மனுசன்

ஹலோ... எல்சி? நான்தான்டி, அக்கா... இல்ல, இன்னும் கெளம்பல. பிளேனு உள்ளதான் குந்திகினு கீறேன்... ஆமா, ஆமா, எல்லாரையும் ஏத்திட்டு அப்டியே நிறுத்தி வெச்சிகிறாங்க. மழையாம்... எப்ப வுடுவாங்களோ, யாருக்குத் தெரியும்.

சும்மாதான் போட்டேன்... இல்ல, சும்மா இல்ல. அந்த சாவி... வூட்டுக்கார கெங்கம்மா சாயங்காலந்தான வாங்க வரேன்னாங்க? வூட்ட காலி பண்ணி சாவிய உன் கைல குட்த்துட்டு வந்தனா, அதுலேர்ந்து நெஞ்சு ஒரு மாதிரியா கீது... இர்றி, இரு. அத அப்பறம் சொல்றேன்.

மெதுவா பேசுறனா? பக்கத்து சீட்டுல ஒரு மனுசன்டி. இப்பதான் பாத்ரூம் போனாரு, அதான் டக்குனு உனக்கு போட்டேன்... அத ஏன் கேக்குற. ஒரே பேஜாரு. ஏறனதுலேர்ந்து வாயே மூடல. பேச்சுன்னா சாதா பேச்சு இல்ல எல்சி, மைக்கு செட்டு. பின்னாடி தூங்கிகினு இருந்த கொழந்தை எழுந்து அழுவுது.

...இன்னா பேசுவாரு? பெருமதான். பேரு தண்டபாணியாம். நான் கேக்கவே இல்ல, அவரே சொல்லிக்கினாரு. பெரிய புள்ளயும் நம்ம வில்சன் கீற பூனாவுலதானாம், பெரிய ஆபீசராம். பதினாறாவது மாடியாம். வூட்லயே நீச்சல் குளமாம்... அட, வூட்டுக்குள்ளயோ வாசல்லயோ, எனக்கு இன்னா தெரியும்? குளம் கீதாம். சின்ன புள்ள அண்ணா நகராம். ரெண்டு மருமவளுங்களும் தாங்கு தாங்குனு தாங்குறாங்களாம். தண்ணி குடுக்க வந்த பொண்ண நிக்க வெச்சி, "நான் எத்தினி வாட்டி பிளேன்ல போய்கிறேன் தெரியுமா"ன்றாரு. அது பாவம், சிரிச்சிட்டு போச்சி.

என்னையா? "மொத தடவையாம்மா?"ன்னாரு, மொத்த பிளேனுக்கும் கேக்குறாப்ல. மானமே போச்சி. அந்த பெல்ட்ட வேற அவருதான் மாட்டி வுட்டாரு.

ஆங்... துன்னேன், துன்னேன். நீ கட்டிக் குட்த்த இட்லிதான்... ரெண்டு மீதி கீது. வுடு அத. ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. வில்சனுக்கு வறுத்துக் குடுக்கலாம்னு காசிமேட்ல சென்னாக்குன்னி வாங்கனனா... ஆமா, பெட்டில போடச் சொன்ன, நான் எங்க கேட்டேன்? எம்புள்ளைக்கு அந்த பொடிக் கருவாடுன்னா உசுரு, கையோட கீறட்டும்னு பைல வெச்சிகினு வந்துட்டேன். தலைக்கு மேல மூடி போட்ட தட்டுல பை. இவனுங்க கதவ சாத்தி ஏசிய கொறைச்சானுங்க பாரு... ஆமான்றேன்! கும்முனு கெளம்பிச்சி. நான் மாதாவேன்னு கண்ண மூடிகினேன்.

ஒருத்தி எலி செத்துகீதுன்றா. ஒருத்தன் கேஸு லீக்காவுதுன்றான். இந்தாளு எழுந்து நின்னு கத்துறாரு, "யாருப்பா அது, பிளேன்ல சென்னாக்குன்னி எட்த்தாந்தது?"

...ஆங்! அதான்டி! கரெக்டா பேர சொல்லி! மத்தவங்க இன்னா நாத்தம்னே தெரியாம முழிக்கிறாங்க, இவரு பேரு சொல்றாரு. எங்கேர்ந்து வந்தது அது? நம்ம பக்கத்து மூக்கு இல்ல? நான் அவர பார்த்தேன். அவரு என்ன பார்த்தாரு. அப்டியே குந்திட்டாரு எல்சி.

அப்பறம் எனக்கு மட்டும் கேக்குறாப்ல, "உன்துதானாம்மா?"ன்னாரு. ஆமா சார்னேன். "நல்லா புடைச்சி மண்ணு போக வெச்சியா?"ன்றாரு... சிரிக்காதடி. திருவொத்தியூராம். பொறந்தது, வளந்தது, வேலை செஞ்சது எல்லாம் அங்கதானாம். அத துன்னு எத்தினியோ வருசமாச்சாம். ரெண்டு வூட்லயும் அடுப்புல ஏத்த வுட மாட்டாங்களாம்.

இல்ல, கேளு. சொந்த வூடு இருந்திச்சாம் அவருக்கு. "சம்சாரம் போனப்பறம் வித்துட்டேம்மா, புள்ளைங்க கீறப்ப தனியா எதுக்கு"ன்னாரு. இப்ப ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க. சின்னவன் டிக்கெட்டு போட்டு போன்ல அனுப்பிடுவானாம், வரியான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானாம். பதினாறாவது மாடில ஹால்ல, சோபாலதான் படுக்கையாம். டிவி பாக்குறவங்க எழுந்து போனாதான் தூக்கமாம். சிரிச்சிகினே சொல்றாரு எல்சி.

"உனக்கு ராயபுரத்துல வூடு கீதாம்மா?"ன்னாரு. கீது சார்னுட்டேன்... பொய்தான். வாயில வந்துச்சி, சொல்லிட்டேன். "வுட்டுடாத"ன்னாரு. அவ்ளோதான். எழுந்து பாத்ரூம் போய்ட்டாரு.

அதான்டி... எனக்கு பயமா கீது. நீ ஒண்ணு செய். கெங்கம்மா வந்தா... ஆங், வாங்க சார், வாங்க. தோ, காலை மடக்கிக்கிறேன்... இல்ல சார், தங்கச்சி. கூடப் பொறந்ததுதான்... சொல்றேன் சார். எல்சி, சார் உன்ன கேட்டதா சொல்லச் சொல்றாரு.

...ஆமா, அவரு சத்தந்தான். அந்தப் பக்கத்து சீட்டு பையன புட்ச்சிகினாரு. நீச்சல் குளத்துலேர்ந்து ஆரம்பிச்சிட்டாரு... பேசட்டும்டி. பாவம், பேசிட்டுப் போவட்டும்.

நீ கேளு. கெங்கம்மாகிட்ட சாவிய குடுக்காத. அக்கா போய் பாத்துட்டு சொல்லுவா, கொஞ்ச நாள் பொறுன்னு சொல்லு. காலுல வேணா வுழு. புடிக்கலன்னா நான் திரும்பி வந்துட... இன்னா? ...அங்க இன்னாடி சத்தம், சர்ரு சர்ருன்னு?

...

காலைலயே வந்து சாவிய வாங்கிட்டாங்களா?

...என் வூட்டு செவுத்த சொரண்டுறாங்களா. ஆளையே கூட்டியாந்துட்டாங்களா... மாதா படம் மாட்டன ஆணி? ...ம். அதையும் புடுங்கிட்டாங்க.

இல்ல, உன்ன இன்னா சொல்லப் போறேன்? நான்தான குடுக்கச் சொன்னேன். அவங்க வூடு, அவங்க வாங்கிக்கினாங்க... ஏய், அழுவாத. எதுக்கு அழுவுற? எனக்கு இன்னா கொறச்சல்? எம்புள்ள ஏர்போட்டுக்கு காரு எட்த்துகினு வரான். ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வரான்! எனக்குன்னு தனி ரூமு கீது எல்சி, ஜன்னல் வெச்ச ரூமு... சொன்னான்டி, சொன்னான்றேன்ல. மருமவ என்ன ஒரு வேலை தொட வுடாது. ராணியாட்டம் குந்திகினு கீறப் போறேன், நீ வந்து பாரு...

...கத்துறனா? இல்லியே.

...தண்டபாணி சாரு பேச்ச நிறுத்திட்டு என்னயே பாக்குறாரு.

ஆங்... தோம்மா, தோ நிறுத்திடறேன். எல்சி, கெளம்புதாம். போன நிறுத்தணுமாம்... சரி. சரி... ம். போட்றேன், போய் எறங்கனதும் போட்றேன்.

நீ வையி... இல்ல, நீ வையி. என்னால முடியல எல்சி. நீயே வெச்சிடு.