பாறை மேல் ஞாயிறு ஆராதனை

கொரோனா கொஞ்சம் தணிந்து பேருந்துகள் ஓடத் தொடங்கிய வாரம், வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் சாமை மூட்டையோடு ஓர் அம்மா. எதிர்ப்பக்கச் சீட்டில் அவர் போகும் சர்ச்சின் கமிட்டிக்காரர்.

“சர்ச்ச எப்பங்க தொறப்பீங்க?”

“இன்னிக்கி சாயங்காலம் கமிட்டி கூடுதும்மா. இன்னும் ஒரு மாசம் போவட்டும்னுதான் சொல்லப்போறேன். அதான் போன்ல ஆராதனை வருதே, வூட்டுலயே பாருங்க.”

“வூட்டுல ஏதுங்க டவரு? பாறை மேல ஏறுனாத்தான் கெடைக்குது. இருக்கறது ஒரே போனு. இருபது பேரு அதச் சுத்தி ஒட்டிக்கினு பாக்கறோம்.”

“இருபது பேரா? பாஸ்டர் தள்ளித் தள்ளி ஒக்காரச் சொல்றாரேம்மா!”

“அவரு சொல்றது காதுல வுழணும்னா கிட்ட வந்துதானே ஆவணும்?”

கமிட்டிக்காரர் போனை எடுத்து, இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டும்வரை டவர் தேடினார். அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் பாஸ்டரை அழைத்தார்.

“ஐயா, இந்த ஞாயித்துக்கிழமையே தொறந்துடலாங்க. ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சி, எடம் வுட்டு ஒக்கார வெப்போம். வூட்டுல இருக்கச் சொல்லி, மலையில இருக்கறவங்கள நாமதான் கும்பலா சேத்துக்கினு இருக்கோம். கமிட்டியில நான் பேசிக்கிறேன்.”

பாஸ்டர் சம்மதித்துவிட்டார் போலிருக்கிறது. போனை வைத்ததும் அந்த அம்மா கேட்டார்.

“பாட்டு உண்டுங்களா?”

“மாஸ்க்கக் கழட்டாம, மெதுவா.”

“மெதுவாப் பாட எங்களுக்கு வராதுங்க. நாங்க வெளிய நின்னு பாடிக்கிறோம்.”