விழாச் செலவு

— தொலைநோக்குப் புத்தகத்துக்கு எல்லா டிபார்ட்மெண்டும் பக்கம் கொடுத்துட்டாக மேடம். உங்க ஒரு பக்கம்தான் பாக்கி. ‘அச்சுறுத்தல்’னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல நீங்க எழுதியிருக்கிறதப் பாருங்க.

— தீ விபத்துன்னு எழுதியிருக்கேன்.

— அதான் தப்பு. மத்தவுக எல்லாரும் ‘தனியார் கல்லூரிகளின் பெருக்கம்’னு எழுதியிருக்காக. தமிழ்த் துறையும் அதான், விலங்கியல் துறையும் அதான். உங்க பக்கம் மட்டும் ஒட்டாம நிக்கும்.

— சங்கிலிமுத்து சார், இது பட்டாசுப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம். இங்க தீயைத் தவிர வேற எத அச்சுறுத்தல்னு எழுதுறது?

— ரூல்படி பாத்தா அச்சுறுத்தல் யூனிவர்சிட்டிக்கு இருக்கணும் மேடம். தீ தொழிலாளிக்குல்ல வருது. விளங்குதா? இருபத்தாறு வருசமா திட்டப் பிரிவுல இருக்கேன், இது எனக்கு மூணாவது தொலைநோக்குப் புத்தகம். தொண்ணூத்தி ரெண்டுல ஒண்ணு போட்டோம், ‘ரெண்டாயிரத்தை நோக்கி’ன்னு. ரெண்டாயிரம் வந்துருச்சு. அப்புறம் ‘ரெண்டாயிரத்து ஏழை நோக்கி’. அதுவும் வந்துருச்சு. இப்ப ‘தொலைநோக்கு ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு’. சிவகாசியில ஆர்ட் பேப்பர்ல நாலு கலர்ல ஓடிக்கிட்டிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வெளியீட்டு விழா. டெல்லிக் கமிட்டித் தலைவரே வாறாரு.

— அந்த அச்சுக்கு எவ்வளவு சார் ஆச்சு?

— அத ஏன் கேக்கீக. அது தனிக் கணக்குத் தலைப்பு.

— டீச்சர், உள்ள வரலாமா?

— யாரு, மாரிசெல்வியா? வாம்மா. விஸ்வநத்தத்துல இருந்து இந்த வெயில்லயா வந்த? சார், இவங்க ஒரு பட்டாசுக் கம்பெனியில மருந்து சலிக்கிற ஷெட்டுல வேலை பாக்குறாங்க. போன வருசம் நான் நடத்துன பாதுகாப்பு வகுப்புக்கு வந்தவங்க.

— அடடே, நல்ல நேரத்துல வந்தீக. ‘பயனாளி கருத்து’ன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. இந்தாங்கம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ‘இந்த ஆய்வுக்கூடத்தால் என் வாழ்வு மேம்பட்டது.’ நானே எழுதி வச்சிருக்கேன்.

— மேம்படுமா இல்லியான்னு இனிமேத்தான் சார் தெரியும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

— இப்படி உக்காரு செல்வி. முகமெல்லாம் ஏன் இப்படி இருக்கு?

— திங்கக்கிழமை ஒரு லோடு வந்துச்சு டீச்சர். வெடியுப்பு, கந்தகம் எல்லாம். எப்பவும் வாங்குற கடையில வாங்கல, விலை குறைச்சல்னு புதுசா ஒரு ஆளுகிட்ட வாங்கிட்டாக. நேத்து பாத்துருவோம்னு கொஞ்சூண்டு கலந்து சலிச்சாக. சல்லடையிலேயே பொறி தட்டிருச்சு.

— யாருக்கு?

— கருப்பம்மாள் மதினிக்கு. வலது கை முழங்கை வரைக்கும். ஒரு கை மருந்துதான் இருந்துச்சு, அதனால கையோட போச்சு. பெரியாஸ்பத்திரியில கிடக்காக. ராத்திரி முச்சூடும் நான்தான் கூட இருந்தேன். ‘அந்த உப்பு சரியில்ல செல்வி, சரியில்ல செல்வி’ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாக.

— லோடை நிறுத்தச் சொன்னீங்களா?

— போர்மேன்கிட்டச் சொன்னோம். அவரு நல்ல மனுசன்தான். ‘மூணு டன் சரக்கு. சும்மா சந்தேகம்னு சொன்னா வித்தவன் திரும்ப எடுக்க மாட்டான், முதலாளியும் கேக்க மாட்டாரு. சீல் வச்ச பேப்பர் ஒண்ணு கொண்டாங்க, அன்னைக்கே திருப்பிர்றேன்’ங்காரு. வார திங்கக்கிழமை பெரிய கலவை டீச்சர். அன்னைக்கு அங்கன நாப்பத்திரண்டு பேரு இருப்போம்.

— இன்னைக்கு வியாழன். சாம்பிள் கொண்டாந்தியா? கலக்காமத்தானே?

— நீங்க சொல்லிக் கொடுத்தாப்புலதான். கந்தகம் என் பையில இருக்கு. உப்பை எங்க வீட்டுக்காரரு அடுத்த பஸ்ல கொண்டாராரு.

— பாத்தீங்களா சார்? இது என் வகுப்புல படிச்சது. உராய்வுச் சோதனை மெஷின்ல வச்சா ரெண்டு மணி நேரத்துல சொல்லிரலாம், எம்புட்டு உரசினா இந்த மருந்து பத்தும்னு.

— பெறகென்ன டீச்சர், வைங்க.

— மெஷின்ல மோட்டார் எரிஞ்சு பதினாலு மாசம் ஆச்சும்மா. புது மோட்டார் ஆறாயிரத்து நானூறு ரூபா. ஃபைல் எங்க இருக்குன்னு சாருகிட்டத்தான் கேக்கணும்.

— என் மேசையிலதான் மேடம் இருக்கு, பத்திரமா. நான் என்ன செய்ய? பழுது பாக்குற தலைப்புல இந்த வருசம் ஒத்த ரூபா கிடையாது.

— ஏன் கிடையாது?

— போன வருசம் ஒதுக்கினது செலவாகல. செலவாகலன்னா தேவையில்லன்னு அர்த்தம். அதனால வெட்டிட்டாக.

— போன வருசம் நான் அனுப்பின பில்லை நீங்கதானே மூணு தடவை திருப்பி அனுப்புனீங்க?

— திருப்பி அனுப்புனதாலதான் செலவாகல. நானும் அதைத்தான சொல்லுதேன்.

— சரி, என் கைக்காசுல வாங்கிப் போட்டுர்றேன்.

— ஐயோ, அந்தப் பேச்சே வேண்டாம் மேடம். முன்னால ஒருக்க உங்க காசுல தராசு வாங்கி வச்சீகள்ல? இது அன்பளிப்பா, தனியார் முதலீடான்னு ஆடிட்டுல எழுதிட்டாக. இன்னும் அதுக்குப் பதில் எழுதிக்கிட்டிருக்கேன். அந்தத் தராசு சீல் வச்சுப் பூட்டியில்ல கிடக்கு.

— அப்ப இந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?

— மேடம், கோவப்படாமக் கேளுங்க. உங்க தப்பு எங்கன இருக்குன்னா, நீங்க சின்னதாக் கேக்கீக. ஆறாயிரத்து நானூறுன்னு எழுதினா எட்டு பேரு படிச்சுப் பாத்து எட்டு கேள்வி கேப்பான். ஏன் நானூறுன்னு கேப்பான். நாலு கோடின்னு எழுதுங்க, ஒருத்தனும் கேக்க மாட்டான். அந்தத் தொகையப் பத்திக் கேக்குற அளவுக்கு யாருக்கும் தெரியாதுல்ல.

— நாலு கோடிக்கு நான் என்ன செய்யப் போறேன்?

— ‘பட்டாசுப் பாதுகாப்புக்கான தேசிய சீர்மிகு மையம்.’ ரெண்டு மாடி. ஏசி அரங்கம். நாலு பேராசிரியர் பணியிடம். முகப்புல ஒரு நீரூற்று.

— அதுல உராய்வு மெஷின் உண்டா?

— அது மூணாவது கட்டம். ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல வரும். கட்டடம் இல்லாம மெஷின எங்க மேடம் வைக்கிறது?

— இப்ப வச்சிருக்கிற இடத்துலதான். அதோ அந்த மூலையில, துணி போட்டு மூடி. பதினாலு மாசமா அந்தத் துணியைப் பாத்துக்கிட்டே பாதுகாப்பு வகுப்பு எடுக்குறேன் சார். பிள்ளைக வந்து ‘டீச்சர் அது என்ன’ன்னு கேட்டா, டைப்ரைட்டருன்னு பொய் சொல்லியிருக்கேன்.

— உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா? ஆனா நான் பாக்குறது யூனிவர்சிட்டியோட எதிர்காலம். நிகழ்காலத்துக்கு வேற செக்‌ஷன் இருக்கு.

— எந்த செக்‌ஷன்?

— அங்க ஆள் போடல மேடம். பணியிடம் காலி.

— சார், குறுக்க பேசுறேன்னு நினைக்காதீக. வாசல்ல நிக்கையில நீங்க பேசுனது காதுல விழுந்துச்சு. வார ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறுதானே உங்க விழா?

— ஆமாம்மா. எதுக்குக் கேக்கீக?

— அப்பச் சரியாத்தான் இருக்கு. இந்தத் திங்கக்கிழமைக் கலவை அந்த விழாவுக்குத்தான்.

— என்னது?

— வாணவேடிக்கைக்கு சார். ‘யூனிவர்சிட்டி ஆர்டர், அவசரம், மேடைக்கு முன்னாடியே விடணும்’னு கம்பெனியில பேசிக்கிட்டாக. பெரிய பெரிய ஆளுகல்லாம் முன் வரிசையில உக்காந்திருப்பாகளாம்ல. டெல்லி ஐயாவும் வாறாகளோ?

— வாணவேடிக்கையா? எனக்கு யாரும் சொல்லலியே.

— எனக்கு என்ன சார் தெரியும். பெரிய இடத்துல இருந்து நேராச் சொல்லியிருக்கும்னு பேசிக்கிட்டாக.

— துணைவேந்தர் ஐயா வீட்டு ஆளுக சொல்லியிருப்பாகளோ? அம்மா, அந்த... சல்லடையில பொறி தட்டுச்சுன்னீகளே, அதே மருந்தா?

— அதே மருந்துதான் சார். அதே மூட்டை.

— சார், தண்ணி குடிங்க. வேர்க்குது பாருங்க.

— மேடம், அந்த ஆர்டர நிறுத்திட்டா என்ன?

— யாரு கொடுத்தாங்களோ அவங்கதான் நிறுத்த முடியும். நீங்க போய்க் கேக்குறீங்களா, யாரு கொடுத்ததுன்னு?

— நானா? கேக்குறதே குத்தமாயிருமே. ஏன் கேக்குறன்னு கேட்டா நான் எங்க போவேன்? எனக்கு ரிட்டையர்மெண்டுக்குப் பதினொரு மாசந்தான் இருக்கு. இருங்க, இருங்க. அந்த போனை இப்படி நகத்துங்க. அலோ, யாரு, அய்யாதுரையா? ஜீப்பை எடுலே. சாப்பிட்டுட்டெல்லாம் போகக் கூடாது, இப்பப் போ. மதுரையில அந்த சயன்ஸ் சாமான் கடை தெரியும்ல, அங்க ஒரு மோட்டார் எடுத்து வைக்கச் சொல்லுதேன். மாட்டுற ஆளையும் கையோட கூட்டிட்டு வந்துரு. நாளைக்குக் காலையில இங்கன நிக்கணும்.

— சார், காசு எந்தத் தலைப்புல?

— விழாச் செலவு. அதுல நாலு லட்சம் கிடக்கு. ‘சிறப்பு விருந்தினர் பாதுகாப்பு முன்னேற்பாடு’ன்னு எழுதுனா ஒரு பய கேக்க மாட்டான்.

— விழாச் செலவுல மெஷினுக்கு மோட்டார் வாங்க ரூல் இருக்கா?

— இருக்கும் மேடம். தேடுனா இருக்கும். இதுவரைக்கும் தேடுற மாதிரி ஒரு காரியம் வரல.

*

— சனிக்கிழமையும் லேப்லதான் இருப்பீகன்னு நினைச்சேன் டீச்சர். சாப்பிட்டீகளா?

— ஆச்சு செல்வி. நேத்து சாயந்திரம் நான் கொடுத்த பேப்பர் என்னாச்சு? அதச் சொல்லு முதல்ல.

— போர்மேன் ரெண்டு தடவை படிச்சாரு. சீலைத் தடவிப் பாத்தாரு. முதலாளிக்கு போனைப் போட்டாரு. இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு லாரி வந்து மூணு டன்னையும் ஏத்திட்டுப் போயிருச்சு. மூட்டை மூட்டையா எண்ணிப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன். அந்த உப்புல அப்படி என்னதான் இருந்துச்சு டீச்சர்?

— குளோரேட்டுன்னு ஒண்ணு கலந்திருந்தான். தடை செஞ்ச சரக்கு, விலை கம்மி. கந்தகத்தோட சேந்தா சும்மா உரசினாலே பத்திக்கும். பத்துத் தடவை வச்சுப் பாத்தேன், பத்துத் தடவையும் பத்திருச்சு. ஒவ்வொரு தடவையும் உங்க ஷெட்டுதான் கண்ணுல வந்துச்சு. சரக்கு எங்க போகுதுன்னு பாக்கச் சொல்லி வெடிபொருள் ஆபீசருக்கும் எழுதிட்டேன், வேற யாரு தலையிலயும் கட்டிரக் கூடாதுல்ல. கருப்பம்மாளுக்கு எப்படி இருக்கு?

— ரெண்டு விரலு மடங்காதுன்னுட்டாரு டாக்டர். ஆனா லோடு திரும்பிப் போச்சுன்னு சொன்னதும் எந்திரிச்சு உக்காந்து காப்பி கேட்டாக.

— மேடம், இருக்கீகளா? நல்லவேளை, பயனாளியும் இருக்காக. ரெண்டு பேரும் கேளுங்க. புத்தகத்துல உங்க பக்கத்தையே மாத்தியாச்சு. ‘நாப்பத்திரண்டு உயிர்களைக் காத்த உடனடி ஆய்வு, திட்டப் பிரிவின் வழிகாட்டுதலில்.’ பிரஸ்ஸுல போயி நின்னு மாத்திட்டு வாறேன்.

— திட்டப் பிரிவு எங்க சார் வழிகாட்டுச்சு?

— ஜீப்பு யாரு அனுப்புனது? அத விடுங்க. நேத்து எனக்குத் தூக்கமே இல்ல மேடம். விழாக் குழுவுல நைசா விசாரிச்சேன், வாணவேடிக்கைக்கு நாங்க ஆர்டரே கொடுக்கலங்காக. ஃபைலையும் பொரட்டிட்டேன், துண்டுக் காகிதம் கிடையாது. துணைவேந்தர் ஐயாவோட பி.ஏ.கிட்டக் கேட்டேன். அவருக்கும் தெரியல. ஆனா தெரியலன்னு சொல்லப் பயந்துக்கிட்டு, தெரிஞ்ச மாதிரியே தலைய ஆட்டுறாரு.

— அப்புறம் என்ன செஞ்சீங்க?

— வாணவேடிக்கையே இல்லாம அதுக்கு ‘சிறப்பு விருந்தினர் பாதுகாப்பு’ன்னு செலவு எழுதியிருந்தா ஆடிட்டுல என்னத் தோலை உரிச்சிருவாக. அதனால ஆர்டருக்குப் பின்னேற்பு ஃபைல் போட்டேன். ‘ஏற்கெனவே வாய்மொழியாக வழங்கப்பட்ட ஆணைக்கு ஒப்புதல்.’ அறுபதாயிரம் ரூபா. காலையில பத்து மணிக்கு வச்சேன், பத்தேகாலுக்குக் கையெழுத்தாயி வந்துருச்சு. ஐயா ஒரு கேள்வி கேக்கல. டெல்லியில இருந்து யாரோ சொல்லியிருப்பாகன்னு அவரு நினைச்சுக்கிட்டாரு போல.

— யாருமே கேக்கலியா சார், யாரு கொடுத்த ஆர்டருன்னு?

— எப்படி மேடம் கேப்பாக? கேட்டா தனக்குத் தெரியாதுன்னு ஆயிருமே. இந்தாங்கம்மா, ஆர்டர் காகிதம். உங்க போர்மேன்கிட்டக் கொடுத்துருங்க. நல்ல மருந்தாப் போடச் சொல்லுங்க. நான் வாறேன், பிரஸ்ஸுல அட்டை ஓடுது.

— போயிட்டாரு. செல்வி, அந்தக் காகிதத்தை இப்படிக் கொடு, பாப்போம். நிசமாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. எனக்கு ஒண்ணு விளங்கல. திங்கக்கிழமைக் கலவை நம்ம யூனிவர்சிட்டி ஆர்டருக்குன்னு உனக்கு யாரு சொன்னது?

— யாரும் சொல்லல டீச்சர். அது நாகர்கோவில் பக்கம் ஏதோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போற ஆர்டர்.