உப்புப் போட்ட பேகல்

ப்ளூமா: நேத்து மத்தியானத்திலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல நீங்க. ஒரு வாய் சாப்பிடுங்கண்ணே.

கெட்சல்: வேண்டாம்மா. வீட்ல ஏதாவது ரொட்டி கெடக்கும், அப்புறமா...

ப்ளூமா: பொண்டாட்டியப் புதைச்சிட்டு வந்ததும் சொந்த வீட்டுச் சாப்பாட்டத் தொடலாமா? நம்ம யூத முறைப்படி முதல் வாய் பக்கத்து வீட்டுலேர்ந்துதான் வரணும். உங்களுக்குத் தெரியாததா? முட்டை அவிச்சிருக்கேன். பேகல் ரொட்டியும் சுட்டிருக்கேன்.

கெட்சல்: உங்க மான்ட்ரியல் ஊர் பேகல்தானே? தேன் தண்ணில வேகவெச்சு, உப்பே இல்லாம, வளையல் மாதிரி... ஷிஃப்ராவும் முப்பத்தொரு வருஷமா அதைத்தான் போட்டா எனக்கு.

ப்ளூமா: துணிய எடுத்துட்டுப் பாருங்களேன்.

கெட்சல்: ...என்ன இது, இவ்ளோ குண்டா! ஓட்டைல சுண்டுவிரல்கூட நுழையாது போலருக்கே.

ப்ளூமா: கடிங்க.

கெட்சல்: இரு, மோந்து பாத்துக்கறேன்... மால்ட்! தேனுக்குப் பதிலா பார்லி மால்ட் தண்ணில வேகவெச்சிருக்கே! மேல பாரு, எப்படிப் பொரிஞ்சிருக்குன்னு! ப்ளூமா, இது ப்ரூக்ளின் பேகல்மா! நான் பொறந்த தெருவுல சுட்டது!

ப்ளூமா: ஏதோ... புஸ்தகத்தப் பாத்துப் பண்ணேன்.

கெட்சல்: நீயா? மாவுல உப்புப் போட்டா மூஞ்சியத் திருப்பிக்கிற மான்ட்ரியல்காரி நீ. அவளும் அப்படித்தான். "என் அடுப்புல ப்ரூக்ளின் பேகலா? நான் செத்தப்புறம் தின்னுக்கோ"ம்பா. வாராவாரம் சொல்லுவா...

ப்ளூமா: ...ஆறிடும்ணே. சாப்பிடுங்க.

கெட்சல்: அடியில என்ன பள்ளம் இது?

ப்ளூமா: தட்டுல பட்டிருக்கும்.

கெட்சல்: எல்லாத்துலயுமா? அதுவும் மாவோட ரெண்டு முனையையும் சேர்த்து அமுக்கற எடத்துல? உன் கையக் காட்டு.

ப்ளூமா: என்னண்ணே நீங்க, கையப் போய்...

கெட்சல்: காட்டு. உன் விரல் நேரா இருக்கு. இது கோணல் விரல். தையல் மெஷின்ல மாட்டின விரல்... கடவுளே! இது அவ கைம்மா.

ப்ளூமா: உக்காருங்க. உக்காந்துக்குங்கண்ணே.

கெட்சல்: எப்போ பண்ணா?

ப்ளூமா: மூணு வாரம் முன்னாடி. உங்கள மருந்துக் கடைக்கு அனுப்பிட்டு என்னக் கூப்பிட்டா. ப்ரூக்ளின்ல உங்க அக்காவுக்கு அஞ்சு தடவ ஃபோன் போட்டுப் பக்குவம் கேட்டிருக்கா. நிக்க முடியல. நாற்காலில உக்காந்தே பன்னெண்டு உருட்டினா. "தண்ணில ஒரு கரண்டி தேன் விடட்டுமா"ன்னேன், அடிக்க வந்தா!

கெட்சல்: வருவா, வருவா.

ப்ளூமா: "உன் ஃப்ரீசர்ல வெச்சுக்கோ. என்னப் புதைக்கற அன்னிக்கு நீயே வேகவெச்சு, சுட்டு எடுத்துட்டுப் போ. நீ பண்ணதாவே சொல்லு"ன்னா. உங்ககிட்ட மறைக்க என்னால முடியல, அண்ணே.

கெட்சல்: அப்போ இது என் வீட்டு மாவு. இன்னிக்கு நான் தொடக்கூடாது.

ப்ளூமா: அதையும் யோசிச்சிருக்கா. "தட்டக் கையால தூக்கு"ன்னா. தூக்கினேன். "எடுத்துக்கோன்னு நான் கொடுத்தாச்சு, நீ தூக்கியாச்சு. நம்ம மதச் சட்டப்படி இனிமே உன்னுது. அந்தக் கெழவன் வம்பு பேசினா இதச் சொல்லு"ன்னா.

கெட்சல்: அடிப்பாவி! உசிரு போற நேரத்துல எவ்ளோ யோசிச்சிருக்கா பாரு... இப்படி ஒருத்தி கூடவா நான் குடும்பம் நடத்தினேன்!

ப்ளூமா: முப்பத்தொரு வருஷமா நீங்க இதுக்கு ஏங்கினது அவளுக்குத் தெரியாதா? இப்பவாவது ஒரு வாய் போடுங்கண்ணே.

கெட்சல்: போடறேன்... ம்ம்... உப்பு அப்படியே அக்கா போடற உப்பு. ப்ளூமா, யார்கிட்டயும் சொல்லாதே. எனக்கு அவளோட தேன் பேகல்தான் பிடிக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த ரெண்டாவது வருஷமே பிடிச்சுப் போச்சு. அதைச் சொல்லி, ப்ரூக்ளின் பேகல் கேக்கறத நிறுத்தியிருந்தா, வாராவாரம் எங்கிட்ட வந்து சண்டை போட்டிருப்பாளா அவ?