ரெங்கம்மா நல்லா இருக்கணும்

— அந்தப் புகையிலையக் கீழ போடு, ஒச்சாயி.

— இன்னும் வாயில வைக்கல, செல்லத்தாயிக்கா. கையிலதான் இருக்கு.

— கைக்கு வந்தது வாய்க்குப் போக எம்புட்டு நேரமாகும்? பதினோரு மாசமா விட்டிருக்க. சுகரு எறங்கிருச்சு. ஆஸ்பத்திரி மருந்து ரூம்புல ஒளிஞ்சு நின்னு எல்லாத்தையும் கெடுத்துக்கிறாத. பொறு, பொறு. மூச்சப் பாரு.

— பாக்க முடியலக்கா. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா.

— யாரு?

— ரெங்கம்மா.

— தெனமும் கண்ண மூடி உக்காந்து, கடைசியில ஒரு பேரச் சொல்லி நல்லா இருக்கணும்னு வேண்டுவியே, அந்த ரெங்கம்மாவா? ஒனக்கு வேண்டியவுகன்னுல்ல நெனச்சேன்!

— வேண்டியவளா? ஆகாதவுகளையும் நெனச்சு நல்லா இருக்கணும்னு சொல்லச் சொன்னது நீதானக்கா?

— கண்டித் தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்குப் பக்கத்துல இருந்த புத்த சாமியாரு சொன்னதத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல மனசுல உள்ள விஷம் எறங்கிரும்னாரு.

— எனக்கு எறங்கல. நான் வேண்டுனது வேற காரியத்துக்கு. அவ செத்துறக் கூடாது. எம் மக டாக்டராகி எங்க ஊரு எழுமலையில போயி நிக்கிற அன்னைக்கு, அவ இருந்து பாக்கணும். பாத்து வயிறெரியணும். அம்புட்டுதான்.

— அடிப் பாவி! கப்பலேறி வந்து பத்து வருசமா நான் காப்பாத்தி வச்சிருந்தத, பழி வாங்கவா கத்துக்கிட்ட?

— வேற எதுக்குக்கா இந்த ஒடம்ப இழுத்துப் புடிச்சு வச்சிருக்கேன்? ஆயா வேலையில டாக்டரு எரிஞ்சு விழுந்தாலும் சரி, மக ஒரு பரீட்சை போச்சுன்னு அழுதாலும் சரி, கை தன்னால இடுப்புக்குப் போகும், பொட்டலத்தத் தேடி. ஒடனே மூச்சப் பாப்பேன். உள்ள போகுது, ரெங்கம்மா. வெளிய வருது, ரெங்கம்மா. புகையிலை ஆசை அடங்கிரும்.

— அப்படி என்னதான் செஞ்சா?

— எம் மகளுக்கு அப்பப் பத்து வயசு. ரெங்கம்மா வீட்டுத் தொழுவத்துலதான் எனக்கு வேலை. சாணி அள்ள எம் மகளையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தா. நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டேன். சாயங்காலம் வர்ற பிள்ளைய நடுத்தெருவுல நிறுத்தி, பையப் புடுங்கி எருக்குழியில வீசுனா. “சாணி அள்ளப் பொறந்தவளுக்குப் புஸ்தகம் எதுக்குடி? எறங்கி எடு”ன்னா. இடுப்பளவு சாணியில நின்னு எம் பிள்ளை தேடுச்சுக்கா. தெருவே சிரிச்சுச்சு. பெத்தவ நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்.

— பத்து வயசுப் பிள்ளையவா, தங்கச்சி!

— இப்பவும் அதே திமிரு. முன்னால போயி நின்னேன். நேருக்கு நேரா பாக்குறா, ஒரு வார்த்தை பேசல. கால்ல புண்ணு. என்னையத்தான் கழுவி விடச் சொல்லியிருக்காரு டாக்டரு. அடுப்புல தண்ணி கொதிக்குது. அப்படியே கொண்டு போயி ஊத்திறலாமான்னு இருக்கு.

— ஊத்திட்டு ஜெயிலுக்குப் போனா, ஒம் மக டாக்டராகுறத யாரு பாப்பா? பச்சத் தண்ணி ஊத்தி வெளாவி எடு. நானும் வாரேன்.

— வா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியட்டும்.

— யாரு தாயி வாரது? ரெண்டு பேரு நடக்குற சத்தம் கேக்குது. எம் மருமக வந்துட்டாளா?

— பாத்தாத் தெரியலையா?

— எங்கிட்டுப் பாக்க? சுகரு வந்து ரெண்டு கண்ணும் போயி ஆறு மாசமாச்சு.

— அக்கா... இவளுக்குக் கண்ணு இல்லையாம்க்கா. எம் மக வந்து நின்னா இவ எதப் பாப்பா? பதிமூணு வருசமா இதுக்குத்தான காத்துக் கெடந்தேன்க்கா!

— மெதுவாப் பேசு. பொறு. மூச்சப் பாரு.

— என்னத்த ஆத்தே குசுகுசுன்னு பேசுறீக? புண்ணு மோசமா? கால எடுத்துருவாகளா? எனக்குப் பதறுதே.

— ...கால நீட்டுங்க. தண்ணி வெதுவெதுப்பாத்தான் இருக்கு.

— ஐயோ, எரியுது தாயி!

— எரியட்டும். மூக்கு நுனியில மூச்சு வந்து போறத மட்டும் பாருங்க. வலிய வெரட்டாதீக. வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போயிரும்.

— ஆத்தே! இதே பேச்சு! எழுமலைக்குக் கேம்பு போட வந்துச்சே, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை, அதுவும் இதத்தான் சொல்லுச்சு. மொதல்ல “என்னையத் தெரியலையா”ன்னு கேட்டுச்சு. கண்ணு இல்லன்னேன். அப்பறம் எங்கால எடுத்து மடியில வச்சுக் கழுவி விட்டுச்சு. “கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க எங்காத்தா இருக்கு, பாத்துக்கிரும்”னு சீட்டு எழுதிக் குடுத்துச்சு... அந்தப் பிள்ளையப் பெத்த மகராசி நீதானா தாயி?