வாண்டாரா மைதானத்துப் புகை மீட்டர்

கிரிக்கெட் பிட்ச்சை உருட்டுவதில் பலரும் செய்கிற தவறு, அவசரம். ஈரம் இருக்கும்போதே ரோலரை ஏற்றிவிடுவார்கள். மேலே காய்ந்து, அடியில் களிமண் கொழகொழவென்று கிடக்கும். நான் அப்படிச் செய்ததில்லை. வாண்டாரா மைதானத்தைச் சம்பளம் வாங்காமல் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏதோ ஒரு நாள் புத்தி பிசகிச் செய்துவிட்டான் என்கிற இரக்கம் உங்கள் பார்வையில் தெரிகிறது. அது தேவையில்லை. நெவில் டாங்கின் எதையும் நிதானமாகச் செய்கிற ஆள்.

லயலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எங்களிடமிருந்து போன இரண்டு இறுதி ஆட்டங்களைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மலையில் எங்கே தீப்பிடித்தாலும் புகை எங்கள் பள்ளத்தாக்கில்தான் வந்து படுக்கும். மூன்று கோடையாக இதே கதை. கிரிக்கெட் சங்கத்தார் ஒரு விதி போட்டார்கள்: காற்றுமாசு எண் நூற்றைம்பதைத் தாண்டினால் ஆட்டம் கிடையாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறுதி ஆட்டம் நின்றுபோனால், புள்ளிப் பட்டியலில் மேலே இருக்கிற அணிக்குக் கோப்பையாம். மேலே இருப்பது எப்போதும் தாரங்கா. அவர்களிடம் பணமும் இருக்கிறது, மெல்போர்னிலிருந்து கூட்டிவந்த இரண்டு பந்துவீச்சாளர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பந்துகூட விழவில்லை. போன வருடம் எங்களுக்கு இருபது ஓட்டம் வேண்டும், கையில் ஆறு விக்கெட். காற்று திரும்பியது. நடுவர் லயல் பெக்கட் போனை எடுத்துப் பார்த்தார், ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸைத் தட்டிவிட்டார், ஆட்டம் அதோடு முடிந்தது. அரை மணி நேரம் பொறுங்கள் என்று நான் எல்லைக்கோட்டருகே நின்று கெஞ்சினேன்.

"நானா நம்பர் போடுறேன், நெவில்? அது போடுது, நான் படிக்கிறேன். போப்பா, போய் ஒரு பியரக் குடி."

தாரங்கா கேப்டன் அன்றே என் தோளில் கைபோட்டுக் கேட்டான். "என்ன பெருசு, அடுத்த வருஷம் கோப்பையக் கொரியர்ல அனுப்பிடுறீங்களா? நாங்க எதுக்கு வீணா டீசல் போட்டு இவ்ளோ தூரம் வரணும்?"

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது.

லயல் படித்த அந்த எண் எங்கள் கிளப் கட்டடத்து இறவாரத்தின் கீழே இருக்கும் மீட்டரிலிருந்து வருகிறது. உள்ளங்கை அளவு வெள்ளை டப்பா. பள்ளத்தாக்கு முழுவதற்கும் அது ஒன்றுதான், எல்லோரும் போனில் அதைத்தான் பார்ப்பார்கள். அதில் சிலந்தி கூடு கட்டினால் துடைப்பது என் வேலை.

இந்த வருட இறுதி ஆட்டம் இரண்டு நாள், சனியும் ஞாயிறும். சனிக்கிழமை விடிந்தபோது எதிர்க்கோடியில் இருந்த சைட் ஸ்கிரீன், அவ்வளவு பெரிய வெள்ளைத் தட்டி, புகையில் தெரியவில்லை. நடுவர்களுக்கென்று சங்கம் ஒரு பெட்டி முகக்கவசம் அனுப்பியிருந்தது, நல்ல கெட்டியான ரகம். அதிலிருந்து இரண்டை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மீட்டருக்கு மாட்டி, ரப்பர் பேண்டு போட்டேன். டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் எண் நாற்பதுக்கு இறங்கிவிட்டது. போனில் பச்சை நிறம். அவ்வளவுதான் வேலை.

கண்ணுக்குத் தெரிகிற புகையை யாரும் கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போனைப் பார்த்தார்கள். "மேலயே நிக்குதுபோல, இன்னும் கீழ எறங்கல" என்று அவர்களே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டார்கள். முதியோர் இல்லத்தில் அன்று பெரியவர்களைத் தோட்டத்தில் உட்காரவைத்தார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிரிக்கெட் மைதானத்து மீட்டரை நம்பி அவர்கள் அப்படிச் செய்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

லயல் விஷயம் வேறு. அவர் முப்பது வருடம் மர ஆலையில் தூசி தின்றவர். சட்டைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே வரமாட்டார். அது எனக்குத் தெரியும், தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

மதிய உணவு வேளையில் அவர் முகக்கவசப் பெட்டியைத் தேடி ஒன்றை எடுத்தார். "நாப்பதுக்குப் போய் மாஸ்க்கா? தாரங்காக்காரனுங்க சிரிப்பானுங்க லயல்" என்றேன். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டார். தேநீர் இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். உதடு ஒரு மாதிரி வெளுத்திருந்தது.

"மீட்டரு நாப்பதுங்குது, என் நெஞ்சு நானூறுங்குது. இதுல எதுப்பா பொய் சொல்லுது?"

"வயசாச்சுய்யா. உனக்கும்தான், எனக்கும்தான்."

சிரித்தார். இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் நின்றார். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர்தான்.

அன்று ஆட்டம் முடிந்தபோது தாரங்கா மொத்தமும் சுருண்டு, நாங்கள் நல்ல நிலையில் இருந்தோம். சாயங்காலம் பையன்களுக்குத் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தேன். லயலின் மனைவி பெவர்லி போன் செய்தாள்.

"நெவில், இவருக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. வீடு வேற வெந்து கெடக்கு. ஜன்னலத் தொறந்து வுடவா, இல்ல எல்லாத்தையும் மூடிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பவா? போன்ல நாப்பதுன்னு காட்டுது. நம்பலாமா? நீதான அதப் பாத்துக்கற?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உண்மையைச் சொல்ல எனக்கு என்ன தடை இருந்தது என்று. தடை ஒன்றுமில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. யோசிக்கவும் நேரம் இருந்தது, யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அவள் ஆஸ்பத்திரியில் சொல்வாள், ஆஸ்பத்திரியிலிருந்து சங்கத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்காது. பட்டியலில் மேலே தாரங்கா.

"நம்பலாம் பெவ். எல்லா ஜன்னலையும் நல்லாத் தொறந்து வுடு. காத்து உள்ள வரட்டும், காலையில சரியாயிடுவாரு."

"அப்பாடா. நீ சொன்னதும்தான் நிம்மதியா இருக்கு" என்றாள்.

தொத்திறைச்சி ஒரு பக்கம் கருகிவிட்டது. திருப்பிப் போட்டேன்.

விடிவதற்குள் லயல் போய்விட்டார். திறந்த ஜன்னலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி. வீடு முழுக்கப் புகை வாடை என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டரிலிருந்து கவசத்தைக் கழற்றினேனா? இல்லை. புதிதாக இரண்டு மாற்றினேன், பழையவை கறுத்துப்போயிருந்தன. பையன்கள் ஒவ்வொருவரின் கையிலும் கறுப்பு டேப் நானே சுற்றிவிட்டேன். ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம். தாரங்காக்காரர்களும் தொப்பியைக் கழற்றினார்கள், அதில் குறை சொல்ல முடியாது. மதியத்துக்கு முன்பே ஜெயித்துவிட்டோம், நான்கு விக்கெட் மீதம். கோப்பையை லயலுக்குச் சமர்ப்பிக்கிறோம் என்று நான்தான் மைக்கில் சொன்னேன். பெவர்லியிடம் போய்ச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நானாகவே ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நீங்கள் எங்கள் கேப்டனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்ததால் வந்தேன். அவனுக்கும் மற்றப் பையன்களுக்கும் ஒன்றும் தெரியாது. மாட்டியது நான், பெவர்லியிடம் பொய் சொன்னது நான், அந்தப் பொய் லயலைக் கொல்லலாம் என்று தெரிந்தே சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். சங்கத்தாரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். கோப்பையைத் திரும்பக் கேட்க வேண்டாம். அது மைதானத்தில் முறையாக ஆடி வாங்கியது. லயல் நியாயமான மனிதர். அவர் இருந்திருந்தால், இந்த முறை அவரே ஆட்டத்தை நிறுத்தியிருக்க மாட்டார்.